கேட்டது அப்பா, விசாரணை மகனுக்கு: கேம் நியூட்டன் விவகாரம் ஓர் எளிய விளக்கம்

ஆடுவதற்குப் பணம் கேட்டார் என்று ஒரு விளையாட்டு வீரர்மீது குற்றம் சாட்ட முடியுமா? ஐபிஎல் ஏலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வியே விநோதமாக இருக்கும். ஆனால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் சில ஆண்டுகளுக்கு முன்புவரை இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. இதனால் வீரர்கள் விருதை இழந்திருக்கிறார்கள், அணிகள் வென்ற கோப்பையை இழந்திருக்கின்றன. ஒரு பல்கலைக்கழகத்தின் அணியே ஓர் ஆண்டு முழுக்க மூடப்பட்டிருக்கிறது. இந்தக் குற்றச்சாட்டு எப்படி எழுகிறது, விசாரணை எப்படி நடக்கிறது, விதி எங்கே இடறி விழுகிறது என்பதை அறிய 2010-இல் நடந்த கேம் நியூட்டன் விவகாரம் போதும். பணம் கைமாறியதாக யாரும் நிரூபிக்காத விவகாரம் அது. கேட்டதுதான் பிரச்சினை. கேட்டவரும் வீரர் அல்லர், அவருடைய அப்பா.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. இங்கே கால்பந்து என்று சொல்வது தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, இரு முனையும் கூரான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அதில் ஒவ்வொரு தாக்குதலையும் தொடங்கி வைப்பவர் குவார்ட்டர்பேக். நல்ல குவார்ட்டர்பேக் ஒருவர் கிடைத்தால் சாதாரண அணியும் எழுந்துவிடும். அதனால்தான் பள்ளியில் ஆடும்போதே அவர்களைத் தேடிப் பெரிய பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

கல்லூரி ஆட்டம் என்றதும் நாம் மனத்தில் வரைந்துகொள்ளும் சித்திரத்தை இங்கே அழித்துவிட வேண்டும். அலபாமா மாநிலத்தில் உள்ள ஆபர்ன் ஒரு சிறு நகரம். அங்குள்ள பல்கலைக்கழக மைதானத்தில் 87,000 பேருக்கு மேல் உட்காரலாம். அந்த மாநிலத்துக்கென்று தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் ஓர் அணிகூடக் கிடையாது. அங்கே பிறந்தவர்கள் ஆபர்ன் பக்கமா, அலபாமா பல்கலைக்கழகத்தின் பக்கமா என்பது அநேகமாகத் தொட்டிலிலேயே முடிவாகிவிடுகிறது. இந்த இரண்டும் அடங்கிய தென்கிழக்குக் கூட்டமைப்பு, எஸ்இசி, 2008-இல் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியோடு 15 ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 225 கோடி டாலர். சிபிஎஸ் தொலைக்காட்சியோடு செய்துகொண்டது தனிக் கணக்கு.

இந்தப் பணத்தில் அன்று ஆடியவர்களுக்கு என்ன பங்கு? கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம். அவ்வளவுதான். கல்லூரி விளையாட்டை ஆளும் அமைப்பான என்சிஏஏ 1906-இல் தொடங்கியது. மாணவர் படிக்க வந்தவர், ஆட்டம் அவருக்குப் பொழுதுபோக்கு, ஆகவே அதற்குக் கூலி கூடாது என்பது அன்று அதன் அடிப்படைக் கொள்கை. விளையாட்டுத் திறமைக்காக முழு உதவித்தொகை கொடுக்கலாம் என்பதையே அது 1956-இல்தான் ஏற்றது. அன்றைய விதிப்படி அதற்கு மேல் ஒரு டாலர் வாங்கினாலும் ஆடும் தகுதி போய்விடும். வீரர் தன் கையெழுத்தை விற்கக் கூடாது, முகவர் வைத்துக்கொள்ளக் கூடாது. வீட்டாரும் எதையும் பெறக் கூடாது. பிடிக்காவிட்டால் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விடலாமே என்றால் அந்தக் கதவும் மூடியே இருந்தது. பள்ளியை விட்டு மூன்று ஆண்டுகள் கழியாமல் ஒருவரை என்எஃப்எல் எடுத்துக்கொள்ளாது. பதினெட்டு வயதுத் திறமைசாலிக்கு கல்லூரியைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. எனக்கு இந்த ஏற்பாட்டில் எப்போதும் உறுத்துவது இந்த இரட்டைப் பூட்டுதான்.

கொடுக்கக் கூடாது என்று விதி எழுதிவிட்டால் கொடுக்காமல் இருந்துவிடுவார்களா? ஒவ்வொரு பெரிய அணிக்குப் பின்னாலும் பூஸ்டர்கள் என்று அழைக்கப்படும் வசதி படைத்த ஆதரவாளர்கள் உண்டு. பழைய மாணவர்கள், எண்ணெய்க் கிணறு வைத்திருப்பவர்கள், கார் வணிகர்கள். மைதானம் கட்ட நன்கொடை கொடுக்கும் அதே கை, இருட்டில் வீரரின் வீட்டுக்கும் நீளும். இதன் உச்சம் டெக்ஸஸில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். அங்கே பூஸ்டர் ஒருவர் தந்த நிதியிலிருந்து 13 வீரர்களுக்கு 61,000 டாலர் அளவுக்கு மாதச் சம்பளம்போலப் பட்டுவாடா நடந்தது வெளிப்பட்டது. ஏற்கெனவே பலமுறை தண்டனை பெற்ற பல்கலைக்கழகம் என்பதால் 1987-இல் அணி அந்த ஆண்டு ஆடவே கூடாது என்று என்சிஏஏ தடை விதித்தது. மரண தண்டனை என்றே அதைச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டும் பல்கலைக்கழகம் தானாகவே அணியை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. இதில் ரசிக்கத்தக்க ஒரு துணுக்கு உண்டு. பல்கலைக்கழக நிர்வாகக் குழுவில் இருந்தபோது அந்தப் பட்டுவாடாவை உடனே நிறுத்தாமல் தொடர விட்டதை ஒப்புக்கொண்ட பில் கிளெமென்ட்ஸ், ஒப்புக்கொண்ட நேரத்தில் டெக்ஸஸ் மாநில ஆளுநராக இருந்தார்!

இனி நியூட்டன்.

ஜார்ஜியா மாநிலத்துக்காரர். ஆறடி ஐந்தங்குல உயரம். அந்த உடம்போடு ஓடவும் தெரியும், எறியவும் தெரியும். முதலில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே டிம் டீபோ என்ற பெரிய நட்சத்திரம் இருந்ததால் இவருக்கு வாய்ப்பு குறைவு. அங்கிருந்து விலகி 2009-இல் டெக்ஸஸில் ப்ளின் என்ற ஈராண்டுக் கல்லூரியில் ஆடி, அந்த நிலைக்கான தேசியக் கோப்பையை வென்று கொடுத்தார். மீண்டும் பெரிய பல்கலைக்கழகங்கள் அவரைத் தேடி வந்தன. முன்னணியில் இருந்தவை இரண்டு. ஒன்று மிசிசிப்பி ஸ்டேட். அதன் பயிற்சியாளர் டான் மல்லன் முன்பு ஃப்ளோரிடாவில் தாக்குதல் ஆட்டத்தை வகுத்தவர், நியூட்டனை நன்றாக அறிந்தவர். மற்றது ஆபர்ன். நியூட்டன் ஆபர்னைத் தேர்ந்தெடுத்தார்.

2010 பருவத்தில் அவர் ஆடிய ஆட்டத்தைத் தடுக்க யாராலும் முடியவில்லை. ஆபர்ன் முதல் ஒன்பது ஆட்டங்களையும் வென்றுவிட்ட நிலையில், நவம்பர் 4 அன்று செய்தி வெடித்தது. மிசிசிப்பி ஸ்டேட்டின் முன்னாள் குவார்ட்டர்பேக் ஜான் பாண்ட் கூறியது இதுதான்: நியூட்டன் சார்பில் பேசுவதாகச் சொல்லிக்கொண்ட ஒருவர், நியூட்டன் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டுமானால் பணம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஊடகங்களில் அடிபட்ட தொகை 1,80,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 80 லட்சம் ரூபாய். கேட்டதாகச் சொல்லப்பட்டவர் கென்னி ரோஜர்ஸ் (புகழ்பெற்ற பாடகர் வேறு, இவர் வேறு). இவரும் அதே பல்கலைக்கழகத்தின் பழைய வீரர்தான். அடுத்த வாரம் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் பேசிய ரோஜர்ஸ், தொகையைச் சொன்னது நியூட்டனின் தந்தை செசில் நியூட்டன் என்றார். செசில் ஒரு கிறிஸ்தவ போதகர்.

புகார் கிளம்பிய இடத்தைக் கவனிக்க வேண்டும். வீரரை இழந்த பல்கலைக்கழகத்தின் ஆட்களிடமிருந்து, அவர் வேறு அணியில் வெற்றிமேல் வெற்றி குவித்துக்கொண்டிருக்கும்போது அது வெளியே வருகிறது. இதனாலேயே அது பொய் என்று ஆகிவிடாது. மிசிசிப்பி ஸ்டேட் அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே எஸ்இசி அலுவலகத்துக்குத் தகவல் தந்திருந்தது. ஆனால் இத்தகைய குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் வெளிவரும் வழி இதுதான்: ஏலத்தில் தோற்றவர் சொல்லித்தான் ஏலம் நடந்ததே ஊருக்குத் தெரியும்.

பெரிய கேள்வி அடுத்துத்தான் எழுந்தது. மிசிசிப்பி ஸ்டேட்டிடம் காசு கேட்டவர்கள், ஆபர்னிடம் சும்மாவா போயிருப்பார்கள்? நாடு முழுக்க இதே பேச்சு. நவம்பர் 26 அன்று அலபாமா பல்கலைக்கழக மைதானத்துக்கு ஆபர்ன் ஆடப் போனபோது, ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் இரண்டு பழைய பாடல்கள் ஒலித்தன. ஒன்று பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுவதைப் பற்றியது, மற்றது போதகரின் மகனைப் பற்றியது. குசும்பு யாருக்கும் புரியாமல் இல்லை. அன்று 24 புள்ளிகள் பின்தங்கியிருந்த ஆபர்ன், 28-27 என்று வென்று திரும்பியது.

ஆபர்ன் பணம் தந்ததா என்ற கேள்விக்குச் சந்தேகத்தைத் தவிர வேறு ஆதாரம் கடைசிவரை கிடைக்கவில்லை.

அடுத்த சில நாட்களில் நடந்ததைத் தேதிவாரியாகப் பார்த்தால்தான் அதன் வேகம் புரியும். நவம்பர் 29 அன்று, விதிமீறல் நடந்திருக்கிறது என்ற முடிவுக்கு என்சிஏஏ வந்தது. தந்தையும் ரோஜர்ஸும் சேர்ந்து வீரரைப் பணத்துக்குப் பேரம் பேசியிருக்கிறார்கள் என்பதே அந்த முடிவு. 30 அன்று ஆபர்னே நியூட்டனை ஆடத் தகுதியற்றவர் என்று அறிவித்தது. நடைமுறை அப்படி: விதிமீறல் என்றதும் பல்கலைக்கழகம் தானாக நிறுத்த வேண்டும், பிறகு தகுதியைத் திருப்பித் தரும்படி விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பர் 1 அன்று என்சிஏஏ தகுதியைத் திருப்பித் தந்தது. நியூட்டனுக்கோ ஆபர்னுக்கோ இந்தப் பேரம் தெரிந்திருந்ததாகச் சான்று இல்லை என்பது காரணம். ஆபர்ன் நிர்வாகத்தோடு தந்தைக்கு இருந்த தொடர்பு கட்டுப்படுத்தப்பட்டது. மிசிசிப்பி ஸ்டேட் ரோஜர்ஸோடு உறவை முறித்துக்கொண்டது. டிசம்பர் 4 அன்று எஸ்இசி இறுதி ஆட்டம். அதில் நியூட்டன் ஆடினார், ஆபர்ன் 56-17 என்று வென்றது. தடை நீடித்த காலத்தில் ஆட்டம் எதுவும் இல்லை!

நம் ஊர்க் கல்யாணப் பேச்சுவார்த்தை தெரிந்தவர்களுக்கு இந்த வழக்கு சட்டென்று பிடிபடும். தரகர் மூலம் வரதட்சணைத் தொகையை அப்பா பேசுகிறார். கேட்டால், மாப்பிள்ளைக்கு எதுவுமே தெரியாது என்கிறார்கள். அந்த இடத்தில் பெண் வீட்டார் கொடுக்காமல் சம்பந்தம் முறிகிறது. வேறு இடத்தில் கல்யாணம் நடக்கிறது. அங்கே எதுவும் வாங்கவில்லை என்கிறார்கள். நம்புவதா, வேண்டாமா? நம் வரதட்சணைத் தடைச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவானது. வாங்காவிட்டாலும் கேட்டதே குற்றம், கேட்டவர் யாராயினும் அவருக்கே தண்டனை. என்சிஏஏயின் அன்றைய விதிக்கு அந்தக் கை நீளம் இல்லை. அதன் அதிகாரம் வீரர்மீதும் பல்கலைக்கழகத்தின்மீதும்தான் செல்லும். போதகர் ஒருவரை அது என்ன செய்துவிட முடியும்? அவரைத் தண்டிக்க வேண்டுமானால் மகனைத் தண்டிக்க வேண்டும். மகனுக்குத் தெரியாது என்றால் தண்டிக்க ஆளே இல்லை.

எஸ்இசியின் சொந்த விதி வீட்டாரையும் குறிப்பிடுகிறது என்று சிலர் சுட்டிக்காட்டினார்கள். உண்மைதான். ஆனால் அந்த விதி பேசுவது பணத்தைப் பெற்றால், அல்லது பெற ஒப்புக்கொண்டால் என்றுதான். கேட்டுக் கிடைக்காமல் போனால் என்ன என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. எஸ்இசி ஆணையர் மைக் ஸ்லைவ் இதையே காரணமாகச் சொன்னார்.

கோபம் கிளம்பாமல் இருக்குமா? அதிலும் கலிபோர்னியாவில். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரெஜி புஷ், கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த விருதான ஹைஸ்மன் கோப்பையை 2005-இல் பெற்றவர். அவருக்கும் அவருடைய பெற்றோருக்கும் முகவராக விரும்பியவர்கள் பணமும் வாடகையின்றி வீடும் தந்தார்கள் என்று முடிவாகி, 2010 ஜூனில் அந்தப் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுகள் பருவ இறுதிப் பெரிய ஆட்டங்களில் ஆட முடியாமலும் 30 உதவித்தொகை இடங்களை இழந்தும் நின்றது. செப்டம்பரில் புஷ் தன் ஹைஸ்மனைக் கைவிட்டார். மூன்றே மாதத்தில் நியூட்டனுக்கு அதே ஹைஸ்மன், பெரும் வாக்கு வித்தியாசத்தில்! பெற்றோர் செய்த தவற்றுக்கு அங்கே ஒரு நீதி, இங்கே ஒரு நீதியா என்று கேட்டார்கள். என் கணிப்பில் இரண்டு வழக்கும் ஒன்றல்ல. அங்கே பொருள் கைமாறியது, இங்கே கைமாறியதாகத் தெரியவில்லை. ஆனால் விதியை மறைவிடமாக்கிக் கொடுத்துவிட்டார்களே என்ற அவர்களுடைய அச்சம் நியாயமானது. இனி எந்தத் தந்தையும் பேரம் பேசிவிட்டு மகனுக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாமே.

அதே ஆண்டின் மற்ற இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஏ.ஜே. கிரீன் தன்னுடைய சட்டையை 1,000 டாலருக்கு விற்றார். வாங்கியவர் முகவர் வகையில் வருபவர் என்பதால் நான்கு ஆட்டங்கள் தடை. ஒஹையோ ஸ்டேட் வீரர்கள் ஐவர் தங்கள் பரிசு மோதிரங்களை விற்றும் பச்சை குத்திக்கொள்வதற்கு ஈடாகப் பொருள்களைக் கொடுத்தும் சிக்கினார்கள். அடுத்த பருவத்தில் ஐந்து ஆட்டங்கள் தடை. ஆனால் சில நாட்களில் நடக்கவிருந்த பெரிய ஆட்டத்தில் ஆடத் தடை இல்லை. வருமானம் வரும் ஆட்டம் நெருங்கும்போது விதியின் கண்டிப்பு கொஞ்சம் இளகிவிடுகிறது என்று யாராவது சொன்னால் மறுக்க எனக்குத் தோன்றவில்லை.

2011 ஜனவரி 10 அன்று ஆபர்ன், ஒரெகனை 22-19 என்று வீழ்த்தி தேசியக் கோப்பையை வென்றது. தோல்வியே இல்லாமல் 14 வெற்றி. ஏப்ரலில் நியூட்டனை கரோலினா பேந்தர்ஸ் அணி என்எஃப்எல்லின் முதல் தேர்வாக எடுத்துக்கொண்டது. நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 2.2 கோடி டாலர். ஆபர்ன் பயிற்சியாளர் ஜீன் சிசிக்கின் சம்பளம் ஆண்டுக்கு 35 லட்சம் டாலராக உயர்ந்தது. அந்த வெற்றியைத் தோளில் சுமந்தவருக்குக் கேட்கப்பட்டதாகச் சொன்ன தொகை, பயிற்சியாளரின் மூன்று வாரச் சம்பளத்துக்குக் கிட்டே வரும். கேட்டது சரி என்று இதனால் நான் சொல்ல வரவில்லை. மகனின் திறமைக்குச் சந்தையில் என்ன விலை என்பதை அந்த அப்பா மிகையாகக் கணக்கிட்டார் என்று மட்டும் சொல்ல முடியாது.

ஓராண்டுக்கு மேல் நீண்ட விசாரணையை என்சிஏஏ 2011 அக்டோபரில் முடித்துக்கொண்டது. ஆபர்ன்மீது பெரிய விதிமீறல் எதுவும் நிரூபணமாகவில்லை. கோப்பையும் ஹைஸ்மனும் நிலைத்தன. பிறகு முகவர் என்பதற்கான வரையறையை விரித்து, வீரரின் திறமையைக் காட்டிப் பணம் பார்க்க முயலும் குடும்பத்தாரும் அதில் அடங்குவார்கள் என்று விதியைத் திருத்தினார்கள். குதிரை போன பிறகு லாயத்தைப் பூட்டிய கதைதான்.

அந்த லாயமே பிற்பாடு இடிந்தது. வீரர்களின் பெயரையும் உருவத்தையும் வைத்து மற்றவர்கள் சம்பாதிப்பதை எதிர்த்து வழக்குகள் வந்தன. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில், கல்வி சார்ந்த சலுகைகளுக்கு என்சிஏஏ வைத்த உச்சவரம்பு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஜூலை 1 முதல் வீரர்கள் விளம்பரத்திலும் கையெழுத்திலும் பணம் சம்பாதிக்கலாம் என்று ஆனது. பூஸ்டர்கள் கூட்டமாகச் சேர்ந்து கலெக்டிவ் என்ற பெயரில் நிதி திரட்டினார்கள். விளம்பரக் கட்டணம் என்று பெயர், உள்ளே இருப்பது சம்பளம்.

ஆனாலும் ஒரு தடையை மட்டும் என்சிஏஏ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. எந்தக் கல்லூரி என்று முடிவாவதற்கு முன் தொகை பேசக் கூடாது. அதாவது செசில் நியூட்டன் செய்ததாகச் சொன்ன அதே காரியம். டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் அரசு வழக்கறிஞர்கள் வழக்குத் தொடர, 2024 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அந்தத் தடையை நடைமுறைப்படுத்தக் கூடாது என்று இடைக்கால உத்தரவிட்டார். தன் விலை என்ன என்று தெரியாமல் ஒரு வீரர் எப்படிப் பேசி முடிவெடுப்பார் என்பதே வாதத்தின் சாரம். அதே ஆண்டு ஏப்ரலில் புஷ்ஷுக்கும் ஹைஸ்மன் திரும்பக் கிடைத்தது.

குற்றச்சாட்டுகளும் திசை மாறிவிட்டன. ஜேடன் ரஷாடா என்ற குவார்ட்டர்பேக் 2022 இறுதியில் ஃப்ளோரிடாவில் சேர ஒப்புக்கொண்டார். அவருக்குப் பேசியதாகச் சொல்லப்படும் தொகை 1.385 கோடி டாலர். பணம் வராமல் விலகிய அவர், 2024 மே மாதத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்மீதும் ஒரு பூஸ்டர்மீதும் வழக்குப் போட்டார். வீரர் பணம் கேட்டார் என்று ஒரு காலத்தில் புகார், சொன்ன பணத்தைத் தரவில்லை என்று இப்போது புகார்.

2025 ஜூனில், வீரர்கள் என்சிஏஏமீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. பழைய வீரர்களுக்கு இழப்பீடாகப் பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 280 கோடி டாலர். ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாக வீரர்களுக்குப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். வெளியார் தரும் 600 டாலரும் அதற்கு மேற்பட்டதுமான ஒப்பந்தங்களைப் பதிவு செய்தாக வேண்டும். அவை உண்மையான வணிக நோக்கம் கொண்டவையா, தொகை நியாயமானதா என்று சரிபார்ப்பார்கள். பூஸ்டர் ஒருவர் விளம்பரம் என்ற பெயரில் அள்ளிக் கொடுத்தால் அது இன்றைக்கும் விதிமீறல்தான்.